இங்கிலாந்துல துப்பாக்கி சர்டிஃபிகேட் எடுக்க நான் பட்ட பாடு

இத எழுதணும்னு ரெண்டு வருஷமா நெனச்சுக்கிட்டே இருந்தேன், நேரம் அமையல. போன மாசம் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் ஃபோன் பண்ணி, "அண்ணே, ஒரு ஷாட்கன் நல்ல விலைக்கு வந்துச்சு, அட்வான்ஸ் குடுத்து புடிச்சு வச்சுட்டேன், இனிமேதான் லைசென்ஸுக்கு போடணும்"னு சொன்னான். அன்னைக்கு ராத்திரியே உக்காந்துட்டேன். நானும் அப்படித்தான் தலகீழா ஆரம்பிச்சேன். 2022 மார்ச்ல அப்ளிகேஷன் போட்டேன், 2023 பிப்ரவரி கடைசியிலதான் சர்டிஃபிகேட் கைக்கு வந்துச்சு. பதினோரு மாசம். அதுல பாதி முழுக்க முழுக்க என் தப்பால போனது. நம்ம ஆளுங்கள்ல இந்த வழியில போனவங்க யாரையும் அப்ப எனக்குத் தெரியாது, எதக் கேக்குறதுன்னே தெரியாம ஒவ்வொரு சுவரா முட்டி முட்டித்தான் கத்துக்கிட்டேன்.

நான் இருக்குறது மத்திய இங்கிலாந்துல ஒரு சின்ன டவுன், சுத்தி எல்லாம் வயக்காடு. சின்ன வயசுல எங்க ஊர்க் கண்மாய்க்கு கொக்கு சுட நாட்டுத் துப்பாக்கியோட வர்றவங்க பின்னாடியே நாள் முழுக்க சுத்தியிருக்கேன், அந்த ஆசை உள்ளுக்குள்ள அப்படியே இருந்திருக்கு போல. 2019ல கூட வேல பாக்குற ஒருத்தர் மேல எறியுற களிமண் தட்ட சுட்டுப் பழகுற கிரவுண்டுக்கு கூட்டிட்டுப் போனார். அனுமதி வாங்குன கிரவுண்டுகள்ல சர்டிஃபிகேட் இல்லாமலே அவங்க துப்பாக்கிய வச்சு சுட சட்டத்துல வழி இருக்கு, அதனால ஆசப்படுறவங்க முதல்ல அங்க நாலஞ்சு தடவ போய்ப் பாருங்க, புடிக்குதா இல்லையான்னு தெரிஞ்சிரும். எனக்குப் புடிச்சுப் போச்சு. அந்த நண்பரோட மச்சான் ஒரு விவசாயி, இருநூறு ஏக்கர்கிட்ட கடுகு மாதிரி மஞ்சளா பூக்குற ரேப் பயிரும் கோதுமையும் போடுறவர். குளிர்காலத்துல காட்டுப்புறா ஆயிரக்கணக்குல எறங்கி ரேப் குருத்த மொட்டையடிச்சிரும், முயல் ஓரம் ஓரமா திங்கும், மன்ட்ஜாக்னு நாய் ஒசரத்துக்கு ஒரு சின்ன மான், அது புதருக்குள்ளயிருந்து வந்து மேயும். "நீ லைசென்ஸ் எடுத்துட்டு வா, என் நெலத்துல சுடலாம்"னு சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் என் அப்ளிகேஷனோட உயிர்னு அப்ப எனக்குத் தெரியல.

முதல்ல வார்த்தையிலயே தடுக்கிட்டேன். போலீஸ் லைசென்சிங் ஆபீசுக்கு ஃபோன் பண்ணி "ஹன்டிங் பண்றதுக்கு துப்பாக்கி வேணும்"னு சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. இங்க ஹன்டிங்னு சொன்னா குதிரையில ஏறி நாய்க் கூட்டத்த விட்டு நரி வெரட்டுறது, அத 2004ல சட்டம் போட்டு தடை பண்ணிட்டாங்க. துப்பாக்கியால பறவை, முயல் சுடுறது ஷூட்டிங், மான் பின்னாடி போறது ஸ்டாக்கிங், பயிரக் காப்பாத்த சுடுறது பெஸ்ட் கன்ட்ரோல். நம்ம "வேட்டை"ங்குற ஒரு சொல்லுல அடங்குறத இவங்க தனித்தனியா பிரிச்சு வச்சிருக்காங்க, ஃபார்ம்லயும் அப்படித்தான் எழுதணும். புறா சுடக்கூட, அது பயிருக்குப் பெரிய சேதம் பண்ணுதுங்குற காரணத்துக்காக இங்கிலாந்துல ஜிஎல் 42னு ஒரு பொது லைசென்ஸ் இருக்கு, அதோட நிபந்தனைக்கு உட்பட்டுத்தான் சுட முடியும். அந்தக் காகிதத்த ஒரு தடவையாவது முழுசா படிச்சிருங்க.

இங்க சர்டிஃபிகேட் ரெண்டு வகை, ரெண்டும் 1968ஆம் வருஷத்து ஃபயர்ஆர்ம்ஸ் சட்டத்துக்கு கீழ வருது. ஷாட்கன்ங்குறது ஒரு தோட்டாவுல நெறய சின்னக் குண்டு செதறிப் போற துப்பாக்கி. அதோட சர்டிஃபிகேட்டுன்னா, குழல் 24 இன்ச்சுக்கு கொறையாம, உள்ள வழவழன்னு இருக்குற துப்பாக்கி, தோட்டா அடுக்கி வைக்குற மேகசின் இருந்தா கழட்ட முடியாததா, ரெண்டு தோட்டாவுக்கு மேல புடிக்காததா இருக்கணும். இந்த சர்டிஃபிகேட் கெடச்சிட்டா பாதுகாப்பா வைக்க எடம் இருக்குற வரைக்கும் எத்தன ஷாட்கன் வேணும்னாலும் வாங்கலாம். நீங்க ஆபத்தான ஆள்னு தோணினா, இல்ல வச்சிருக்க நியாயமான காரணமே இல்லன்னா போலீஸ் மறுக்கலாம். ஒரே குண்டு தூரமா போற ரைஃபிளுக்கு ஃபயர்ஆர்ம் சர்டிஃபிகேட், அது வேற கத. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனியா "எதுக்கு வேணும்"னு காரணம் காட்டணும், இந்த காலிபர்ல, அதாவது இந்தக் குழல் அளவுல ஒண்ணுன்னு சர்டிஃபிகேட்லயே எடம் போட்டுக் குடுப்பாங்க, தோட்டா எத்தன வச்சுக்கலாம், ஒரு தடவைக்கு எத்தன வாங்கலாம்னும் அதுலயே இருக்கும். எனக்கு சர்டிஃபிகேட் வந்த சமயத்துல சத்தத்த கொறைக்குற மாடரேட்டருக்குக்கூட தனி எடம் கேக்கணும், நல்லவேளையா அத மறக்காம எழுதினேன். ரெண்டு சர்டிஃபிகேட்டும் அஞ்சு வருஷம் செல்லும். நான் ரெண்டையும் சேத்து 90 பவுண்டுக்கு போட்டேன். 2025 பிப்ரவரியில கட்டணத்த ரெண்டு மடங்குக்கு மேல ஏத்திட்டாங்க, அப்ப புதுசா போட ஷாட்கன்னுக்கு 194, ரைஃபிளுக்கு 198 பவுண்டுன்னு ஆச்சு.

சிபாரிசு பண்ண நான் போட்டப்ப ஷாட்கன்னுக்கு ஒருத்தர், ரைஃபிளுக்கு ரெண்டு பேர் வேணும். 2025 ஆகஸ்ட்லயிருந்து ஷாட்கன்னுக்கும் ரெண்டு பேர் ஆக்கிட்டாங்க. பிரிட்டன்ல இருக்குறவங்களா, ரெண்டு வருஷமாவது உங்களத் தெரிஞ்சவங்களா இருக்கணும், சொந்தக்காரங்க கூடாது, போலீஸ்ல வேல பாக்குறவங்களும் துப்பாக்கி வியாபாரியும் கூடாது. நான் முதல்ல கேட்டது பன்னெண்டு வருஷமா பழகுற நம்ம ஊர் நண்பனத்தான். அவன் "எதுக்குடா இந்த வம்பு, நம்ம நிறத்துக்கு துப்பாக்கியெல்லாம் கேட்டா நாளைக்கு என்னென்ன கேப்பானுங்களோ, என் பேர விட்ரு"ன்னான். எனக்கு வருத்தமா போச்சு, கோவமும் வந்துச்சு. ஆனா அந்த பயம் எனக்கும் இருந்துச்சுங்குறத மறைக்க விரும்பல. பதினோரு மாசத்துலயும் என் நிறத்த வச்சோ ஊர வச்சோ ஒரு கேள்விகூட யாரும் கேக்கல, அதயும் சொல்லணும். கடைசியில வேல பாக்குற எடத்து நண்பரும் எதுத்த வீட்டு ரிட்டயர்டு டீச்சரம்மாவும் எழுதிக் குடுத்தாங்க. அந்தம்மா போலீஸ் ஃபோன்ல என்ன கேட்டாங்கன்னு எங்கிட்ட இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல.

இப்ப முக்கியமான எடத்துக்கு வர்றேன். டாக்டர். 2021 ஆகஸ்ட்ல பிளிமத்ல ஒருத்தன் அஞ்சு பேர சுட்டுக் கொன்னான், அவன்கிட்ட சர்டிஃபிகேட் இருந்துச்சு, எடுத்து வச்சிருந்தத போலீஸே திருப்பிக் குடுத்திருந்தாங்க. அதுக்கப்புறம் அந்த வருஷம் நவம்பர்ல வந்த விதிப்படி டாக்டர்கிட்டயிருந்து மருத்துவத் தகவல் வராம சர்டிஃபிகேட் குடுக்கவே கூடாது. நான் என்ன பண்ணேன்னா ஃபார்ம் எல்லாம் அனுப்பிட்டு அப்புறமா எங்க சர்ஜரிக்குப் போனேன், இங்க டாக்டர் கிளினிக்கத்தான் சர்ஜரின்னு சொல்வாங்க. ரிசப்ஷன்ல இருந்த பொண்ணுக்கு அது என்னன்னே தெரியல, மேனேஜர்கிட்ட கேட்டு சொல்றேன்னுச்சு, மூணு வாரம் கழிச்சு "இங்க துப்பாக்கி சம்பந்தமான லெட்டர் குடுக்குறதில்ல"ன்னு ஒரு வரி மெசேஜ். டாக்டருங்க அப்படி மறுக்கலாம், கட்டாயம் இல்ல, கட்டணமும் அவங்க இஷ்டம். அப்புறம் என் மெடிக்கல் ரெக்கார்டு முழுசையும் எழுதிக் கேட்டு வாங்கி, தனியா இந்த லெட்டர் மட்டும் எழுதித் தர்ற ரெஜிஸ்டர்டு டாக்டர் ஒருத்தருக்கு அனுப்பி, 65 பவுண்டு கட்டி, லெட்டர் போலீசுக்குப் போய்ச் சேர ஏழு வாரம் ஆச்சு. அதனால சொல்றேன், ஃபார்ம எடுக்குறதுக்கு முன்னாடி சர்ஜரிக்கு ஃபோன் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேளுங்க, ஃபயர்ஆர்ம்ஸ் மெடிக்கல் லெட்டர் குடுப்பீங்களா, எவ்வளவு, எத்தன நாள்னு. உங்க ரெக்கார்ட நீங்களே காசில்லாம கேட்டு வாங்கலாம், அத வாங்கி ஒரு வரி விடாம படிச்சுட்டு அப்புறம் ஃபார்ம்ல கைய வைங்க.

ஏன் படிக்கச் சொல்றேன்னா, நான் படிக்கல. 2017ல எங்கம்மா தவறிட்டாங்க. இங்கயிருந்து டிக்கெட் போட்டு, மதுரை எறங்கி, வண்டி புடிச்சு ஊருக்குள்ள போறப்ப எல்லாம் முடிஞ்சு மூணு மணி நேரம் ஆயிருச்சு. மொகத்தப் பாக்கல. திரும்பி வந்து நாலு மாசம் தூக்கமே இல்ல, வேலையில கவனம் இல்ல, ஒருநாள் கார நிறுத்திட்டு ரோட்டோரமா உக்காந்து அழுதேன், வீட்டுக்காரிதான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. ஆறு மாசம் மாத்திரை சாப்ட்டேன், சரியாயிருச்சு, விட்டுட்டேன். ஃபார்ம்ல ஒரு கேள்வி வரும், மன அழுத்தம், பதட்டம் இதுக்கெல்லாம் எப்பவாவது சிகிச்சை எடுத்திருக்கீங்களான்னு. நான் "இல்ல"ன்னு போட்டேன். சத்தியமா மறைக்கணும்னு போடல. அது வியாதின்னே என் மனசுல இல்ல, அம்மா செத்ததுக்கு அழுதது எப்படி வியாதியாகும்னுதான் நெனச்சிருந்தேன். ஆனா ரெக்கார்டுல "டிப்ரஷன்"னு ஒரே வார்த்தையா இருந்துச்சு, தேதியோட.

ஜூலை மாசம் ஒரு மத்தியானம் ஃபயர்ஆர்ம்ஸ் என்கொயரி ஆபீசர், அதாவது இந்த அப்ளிகேஷன விசாரிக்குற போலீஸ் ஆபீசர், ஃபோன் பண்ணார். குரல் மரியாதையாத்தான் இருந்துச்சு. "நீங்க ஃபார்ம்ல இல்லன்னு எழுதியிருக்கீங்க, டாக்டர் லெட்டர் வேற சொல்லுது, எனக்கு வெளக்கம் வேணும்"னார். எனக்கு கை நடுங்கிருச்சு. சர்டிஃபிகேட் வாங்க தெரிஞ்சே பொய்த் தகவல் குடுக்குறது இங்க குற்றம், ஜெயில் வரைக்கும் போகலாம். அன்னைக்கு ராத்திரி விசா, வேல, புள்ளைங்க ஸ்கூலுன்னு எல்லாம் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு சோறு எறங்காம உக்காந்திருந்தேன். மறுநாள் நடந்தது எல்லாத்தையும் ரெண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன், அம்மா செத்த தேதியிலயிருந்து மாத்திரைய நிறுத்துன மாசம் வரைக்கும். அவர் இன்னொரு மருத்துவ ரிப்போர்ட் கேட்டார், அதுக்கு நாலு மாசம். நவம்பர்ல வீட்டுக்கு வந்தப்ப அவர் முதல்ல பேசுனதே அதப் பத்திதான். மன அழுத்தம் இருந்துச்சுங்குறதுக்காக மட்டும் மறுக்கமாட்டோம், வருத்தம் வந்தப்ப டாக்டர்கிட்ட போன ஆளு எங்களுக்கு நல்ல ஆளு, நீங்க எழுதாம விட்டதுதான் பிரச்சனை, அப்டீன்னார். அந்தக் கேள்வியில "எப்பவாவது"ங்குற வார்த்தைக்கு கீழ மனசுல ஒரு கோடு போட்டுக்கங்க. இருபது வருஷம் முன்னாடி நடந்ததா இருந்தாலும் எழுதுங்க. எழுதுனா ரெண்டு வாரம் கூட ஆகும், எழுதலன்னா எனக்கு ஆன மாதிரி மாசக்கணக்குல ஆகும், உங்க மேல இருக்குற நம்பிக்கையும் போகும். ஒருவேளை மறுத்துட்டாலும் இங்கிலாந்து, வேல்ஸ்ல 21 நாளுக்குள்ள கிரௌன் கோர்ட்டுக்கு அப்பீல் போகலாம், ஆனா செலவு ஜாஸ்தி, அந்த நெலமைக்கு போகாம பாத்துக்கங்க.

வீட்டு விசிட்டப் பத்தி தனியா சொல்லணும். துப்பாக்கி வைக்குற இரும்பு கேபினெட் முன்னாடியே வாங்கிட்டேன், பழசு, 70 பவுண்டு, வாங்குனப்ப ரொம்ப சந்தோஷம். பிஎஸ் 7558னு ஒரு தரம் இருக்கு, அந்த முத்திரை அதுல இல்ல. இன்னொண்ணு அதோட ஒசரம் பத்தாது, 30 இன்ச் குழல் இருக்குற ஷாட்கன்ன முழுசா உள்ள நிறுத்த முடியாது. மூணாவது, நான் அத மாடி ரூம்ல ஜிப்சம் போர்டு சுவத்துல போல்ட் போட்டு வச்சிருந்தேன். ஆபீசர் வந்து அத ரெண்டு கையால புடிச்சு ஒரு இழுப்பு இழுத்தார், போர்டுலயிருந்து வெள்ளத்தூள் பொலபொலன்னு கார்ப்பெட்ல கொட்டுச்சு. அவர் ஒண்ணும் சொல்லல, தூசிய தட்டிவிட்டு நோட்டுல எழுதிக்கிட்டார். அப்புறம் புது கேபினெட் 210 பவுண்டு, படிக்கட்டுக்கு அடியில செங்கல் சுவத்துல நாலு போல்ட் போட்டு மாட்டவும் மாடி சுவத்த பூசவும் 120 பவுண்டு. கேபினெட்ட செங்கல் சுவத்துல, வாசல்லயிருந்தோ ஜன்னல்லயிருந்தோ கண்ணுக்குத் தெரியாத எடத்துல வைங்க. ரைஃபிள் தோட்டாவும் பூட்டுக்குள்ள இருக்கணும், துப்பாக்கியோட சேத்து வைக்காம உள்ளயே தனிப் பூட்டு இருக்குற பெட்டியா பாத்து வாங்குனா வேல முடிஞ்சுது.

அடுத்தது சாவி. ஆபீசர் டீ குடிச்சுக்கிட்டே ரொம்ப சாதாரணமா வீட்டுக்காரிகிட்ட திரும்பி "கேபினெட் சாவி எங்க இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டார். அவ வெள்ளந்தியா "தெரியுமே, சாமி படத்துக்குப் பின்னாடி"ன்னா. எனக்கு திக்குன்னுச்சு. இந்த நாட்டுல சர்டிஃபிகேட் இல்லாத யாருக்கும், கட்டுன பொண்டாட்டியா இருந்தாலும் பெத்த புள்ளையா இருந்தாலும், சாவி எங்க இருக்குன்னு தெரியக் கூடாது. நம்ம வீடுகள்ல எது எங்க இருக்குன்னு வீட்டுக்காரிக்குத் தெரியாம ஒண்ணும் இருக்காது, பீரோ சாவிய ஒளிச்சு வச்சா அதுவே ஒரு சண்டை. அவ மொகம் வாடிப் போச்சு, "நான் என்னங்க தப்பா சொல்லிட்டேன்"னு அன்னைக்கு பூரா கேட்டுக்கிட்டு இருந்தா. தப்பு அவ மேல இல்ல, நான் முன்கூட்டியே சொல்லியிருக்கணும். ஆபீசர் அவகிட்ட பொறுமையா எடுத்து சொன்னார். 1987ல ஹங்கர்ஃபோர்டு ஊர்ல நடந்த துப்பாக்கிச் சூடு, 1996ல டன்பிளேன் ஸ்கூல்ல பதினாறு குழந்தைங்களும் ஒரு டீச்சரும் செத்தது, அதுக்கப்புறம் கைத்துப்பாக்கியவே தடை பண்ணது, எல்லாம். ஸ்கூல் பேரக் கேட்டதும் அவ எங்க சின்னவள இழுத்து மடியில வச்சுக்கிட்டா. அடுத்த வாரமே நம்பர் போட்டு தொறக்குற சின்ன சாவிப்பெட்டி ஒண்ணு வாங்கினேன், அந்த நம்பர் என் மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்கு. பிறந்த நாள், கல்யாண நாள் நம்பர் எதுவும் வைக்காதீங்க.

சர்டிஃபிகேட் வந்த அன்னைக்கு முதல் வேலையா பேனாவால கையெழுத்து போடுங்க, அதுவும் ஒரு நிபந்தனை. நான் சந்தோஷத்துல மறந்து, கடைக்காரர் சொல்லித்தான் அவர் மேசையிலேயே போட்டேன்.

இனி துப்பாக்கி வாங்குனது. இதுல பட்டது இன்னும் வலிக்குது. பதினோரு மாசம் காத்திருந்த அவசரத்துல, விளம்பரத்துல பாத்து தனி ஆள்கிட்ட பக்கத்துல பக்கத்துல ரெண்டு குழல் இருக்குற ஒரு பழைய இங்கிலீஷ் சைட்-பை-சைடு ஷாட்கன், 12 போர் குழல் அளவு, 380 பவுண்டுக்கு வாங்கிட்டேன். பூவேலை செஞ்ச இரும்பு, வால்நட் கட்டை, பாக்க அப்படி ஒரு அழகு. நேர்ல போய்த்தான் வாங்கணும், விக்கிறவர் உங்க சர்டிஃபிகேட்ட பாத்து அதுல துப்பாக்கி நம்பர எழுதணும், ரெண்டு பேரும் ஏழு நாளுக்குள்ள போலீசுக்குத் தெரிவிக்கணும், அதெல்லாம் சரியா பண்ணோம். ஆனா துப்பாக்கிய சோதிக்கல. ரெண்டாவது தடவ புறாவுக்குப் போயிட்டு வந்தப்ப வலது கன்னத்து எலும்பு மேல அம்பதுகாசு அளவுக்கு ஊதாக் கலர்ல கன்னிப் போயிருந்துச்சு. துப்பாக்கி செய்றவர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவர் குழலுக்குள்ள அளவுக்கோல விட்டு பாத்தார், ரெண்டு மூணு தடவ திரும்பத் திரும்ப பாத்தார், அப்புறம் மேசைல வச்சுட்டு "இத இனிமே சுடாதீங்க"ன்னார். வருஷக்கணக்குல தேய்ஞ்சு உள்விட்டம் பெருசாகி ப்ரூஃப் போயிருந்துச்சு. லண்டன்லயும் பர்மிங்காம்லயும் ப்ரூஃப் ஹவுஸ் இருக்கு, ஒவ்வொரு குழலையும் அதிக அழுத்தத்துல சுட்டுப் பாத்து முத்திரை அடிப்பாங்க, அந்த அளவு மாறிப்போனா அந்த முத்திரை செல்லாது, அப்படிப்பட்டத விக்கிறதே குற்றம். அதோட தோட்டா வைக்குற அறை ரெண்டரை இன்ச், நான் போட்டுக்கிட்டு இருந்தது ரெண்டே முக்கால் இன்ச் தோட்டா. அத நெனச்சா இப்பவும் வயித்தக் கலக்குது. கன்னத்துல அடிபட்டதுக்கு காரணம் அது மட்டும் இல்ல, நான் அஞ்சடி அஞ்சங்குலம், தோள்ல வைக்குற கட்டை எனக்கு முக்கால் இன்ச் நீளம் அதிகம், குளிர் கோட்டுல வேற தட்டி தட்டி நின்னிருக்கு. சோதிச்சதுக்கு அவருக்கு 30 பவுண்டு, துப்பாக்கிய பாகத்துக்கு எடுத்துக்கிட்ட டீலர் குடுத்தது 40.

அதுக்கப்புறம் ஒழுங்கா டீலர்கிட்ட போய் பழைய மிரோக்கு கம்பெனி ஓவர்-அண்டர், அதாவது குழல் ஒண்ணுக்கு மேல ஒண்ணா இருக்குற ஷாட்கன் ஒண்ணு 850 பவுண்டுக்கு எடுத்து, கட்டைய என் கைக்கு அளவா வெட்டி வாங்கினேன். பாக்குறப்ப கவனிச்சது, ஈயத்துக்கு பதிலா ஸ்டீல் குண்டு போட்ட தோட்டாவுக்கு ஆகுமாங்குறத. உயர் அழுத்த ஸ்டீலுக்கு சோதிச்ச குழல்ல லில்லிப் பூ மாதிரி சின்ன முத்திரை இருக்கும். ஈயக் குண்டு இங்க போயிக்கிட்டு இருக்குற பொருள். இங்கிலாந்துல வாத்துக்கு 1999லயிருந்தே ஈயம் கூடாது, மொத்தமாவே நிறுத்தப் போறோம், மூணு வருஷம் டைம்னு 2025 ஜூலையில அரசாங்கம் சொல்லிருச்சு, பெரிய காலிபர் ரைஃபிள் புல்லட்டுக்கும் சேத்துதான். அதனால இப்ப வாங்குறவங்க அழகப் பாத்து பழைய துப்பாக்கிக்கு போகாதீங்க, அதுல ஸ்டீல் போட முடியாட்டி பிஸ்மத்ங்குற உலோகக் குண்டு போட்ட தோட்டாதான் போடணும், விலை கட்டுப்படி ஆகாது. உடம்பு சின்னதா இருக்குறவங்க குழல் இன்னும் சின்னதான 20 போரும் எடுத்துப் பாருங்க, எடை கம்மி, நாள் முழுக்க தூக்கிட்டு நடக்க சுகம்.

ரைஃபிள்ல நான் முதல்ல ஆசப்பட்டு எழுதப் போனது பாயிண்ட் 308ங்குற பெரிய காலிபர். அந்த விவசாயிதான் தடுத்தார், "முயலுக்கு முதல்ல கத்துக்க"ன்னு. சின்ன காலிபரான பாயிண்ட் 22 கேட்டேன், கெடச்சுது, பழைய சிஇசட் கம்பெனி ரைஃபிள் 300 பவுண்டு. மெதுவா போற சப்சோனிக் தோட்டாவும் மாடரேட்டரும் போட்டா கைதட்டுற சத்தம்கூட வராது, அம்பது அறுபது கெஜத்துல முயலுக்கு அதுக்கு மேல ஒண்ணும் வேணாம். ஆனா அந்த புல்லட் தெறிக்கும். ஒரு சாயங்காலம் காஞ்ச உழவு நெலத்துல சுட்டு தவறிப் போய், கல்லுல பட்டு வீஈஈன்னு ஒரு சத்தத்தோட எங்கயோ போச்சு, எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ரெண்டு வாரம் துப்பாக்கிய தொடல. மண்மேடு பின்னாடி இல்லாம சுடுறதில்லன்னு அன்னைக்கு முடிவு பண்ணது. தெறிக்குறதுக்கு பயந்தா 17 எச்எம்ஆர்னு இன்னொரு காலிபர் இருக்கு, அது லேசான புல்லட், பட்டதும் செதறிரும், 150 கெஜம் வரைக்கும் போகும், ஆனா காத்து அடிச்சா ஒதுங்கும், சத்தமும் ஜாஸ்தி. இன்னொரு தப்பும் சொல்லிர்றேன், சர்டிஃபிகேட் வர்றதுக்கு முன்னாடியே ஆசையில 180 பவுண்டுக்கு குறி பாக்குற பெரிய ஸ்கோப் ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன், 22க்கு அது பொருந்தவே இல்ல, 90க்கு வித்தேன்.

மானுக்கு சட்டமே அளவு சொல்லுது. இங்கிலாந்து, வேல்ஸ்ல மன்ட்ஜாக்குக்கு குறைஞ்சது பாயிண்ட் 220 காலிபர், 50 கிரெயின் எடை புல்லட், ஆயிரம் அடி-பவுண்டு சக்தி. ரோ, ஃபாலோ மாதிரி பெரிய மானுக்கு பாயிண்ட் 240, சக்தி 1,700. ஸ்காட்லாந்துல கணக்கு வேற. அதனாலதான் நெறய பேர் 243 எடுக்குறாங்க, ஒரே ரைஃபிள்ல எல்லாம் அடங்கிரும். மான் கோர்ஸ், டிஎஸ்சி லெவல் ஒண்ணுன்னு சொல்வாங்க, சட்டப்படி கட்டாயம் இல்ல, ஆனா போலீஸ் அத மதிக்குது. நூறு மீட்டர்ல மூணு குண்ட நாலு இன்ச் வட்டத்துக்குள்ள போடணும், மான் படத்துல 100, 70, 40 மீட்டர்ல சுடணும், எழுத்துப் பரீட்சையில எந்த மான எந்த மாசம் சுடலாம்னு கேப்பாங்க. ரோ ஆண் ஏப்ரல்லயிருந்து அக்டோபர், பெண் நவம்பர்லயிருந்து மார்ச், மன்ட்ஜாக்குக்கு தடைக்காலம் இல்ல. என்னத் தடுக்கி விட்டது பாதுகாப்பு கேள்விதான். ஒரு படத்துல மேட்டு உச்சியில மான், பின்னாடி வெறும் வானம். நான் சுடலாம்னு சொன்னேன், குண்டு தாண்டிப் போனா தடுக்க பின்னாடி ஒண்ணும் இல்லங்குறது தோணல. அங்கேயே ஃபெயில், திரும்பிப் போய் எழுதினேன். 243க்கு சர்டிஃபிகேட்ட திருத்த அப்ப 20 பவுண்டு, 2025ல 47 ஆச்சு. அதுக்கு போலீஸ் நெலத்தையும் பாத்தாங்க, எங்க நடைபாதை போகுது, எங்க வீடு இருக்கு, மேடு எங்கன்னு. அதனால விவசாயிகிட்ட வாங்குற அனுமதிய வாய்ப்பேச்சோட விடாம எழுதி வாங்குங்க, நெலத்து வரைபடம் சேத்து, முயல், நரி, மான்னு எதெதுக்குன்னு பேர் போட்டு. எனக்கு ஆறு வாரத்துல முடிஞ்சதுக்கு அந்த ஒரு பக்க கடிதம்தான் காரணம். பாஸ்க்னு சொல்ற ஷூட்டிங் சங்கத்துல சேந்தா இன்சூரன்சும் உண்டு, ஃபோன்ல கேட்டா பொறுமையா சொல்றாங்க. முதல் நாளே சேந்திருந்தா பாதி அலைச்சல் மிச்சமாயிருக்கும்.

கணக்குப் போட்டுப் பாத்தேன். பழைய கேபினெட் 70, சுவர் வேலை 120, அந்த அழகான துப்பாக்கியில 340, சோதனைக்கு 30, ஸ்கோப்புல 90. மொத்தம் 650 பவுண்டு தண்டமா போனது, லீவு நாலு நாள், தூக்கம் எத்தன ராத்திரின்னு கணக்கில்ல. அந்த தம்பிகிட்ட அட்வான்ஸ திருப்பிக் கேளுன்னு சொல்லியிருக்கேன். எந்த நெலம், எந்த டாக்டர், எந்த சுவருன்னு மூணுக்கும் பதில் சொல்லிட்டு அப்புறம் துப்பாக்கிக்கு வாடான்னேன்.

வீட்டுக்காரி இந்த வருஷம் அவளுக்கே ஒரு ஷாட்கன் சர்டிஃபிகேட்டுக்கு போட்டிருக்கா. களிமண் தட்டுல என்ன விட நல்லா சுடுறா. அது வந்துட்டா அந்த மிரோக்குவ ரெண்டு பேர் பேர்லயும் ஏத்திக்கலாம், அந்த கேபினெட் சாவி அவளுக்கும் தெரியலாம். ரைஃபிளுக்கு அப்பவும் தனி கேபினெட், தனி சாவிதான், அதுக்காக பக்கத்துலயே இன்னொரு கேபினெட் மாட்டியாச்சு, இந்தத் தடவ முதல்லயே செங்கல் சுவத்துல. ஃபார்ம எழுதுறதுக்கு முன்னாடி அவ மெடிக்கல் ரெக்கார்ட வாங்கி ரெண்டு பேரும் சாப்பாட்டு மேசையில வச்சு வரி வரியா படிச்சோம். பெரியவன் பொறந்தப்ப ஒரு மாசம் தூக்க மாத்திரை எழுதிக் குடுத்தது இருந்துச்சு, அவளுக்கே மறந்து போனது. எழுதிட்டா. டாக்டர் லெட்டர் போன வியாழக்கிழமை போலீசுக்குப் போயிருச்சு, ஆபீசர் எப்ப வருவார்னு பாத்துக்கிட்டு இருக்கோம்.